1925 லண்டனில் ‘பிரமாதம்’ என்று எப்படிச் சொல்வார்கள்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆங்கில நாடகம் போடுகிறோம். கதை 1925இல் லண்டனில் நடக்கிறது. ‘பிரமாதம்’, ‘அபாரம்’ என்று பாராட்டும் இடங்களில் அந்தக் கால ஸ்லாங் வைக்க ஆசை. கிடைத்த பட்டியலில் ‘பீஸ் நீஸ்’, ‘கேட்ஸ் பைஜாமாஸ்’, ‘டாப் ஹோல்’, ‘விசார்ட்’, ‘குரூவி’ எல்லாம் கலந்து கிடக்கின்றன. எதை யாருக்குக் கொடுப்பது?

பதில்: முதலில் இரண்டை அடித்துவிடுங்கள். ‘குரூவி’ 1930களில் ஜாஸ் வட்டாரத்தில் தொடங்கி, 1960களில்தான் ஊரெல்லாம் பரவியது. ‘விசார்ட்’ என்றால் ஆங்கிலேயர் காதுக்கு இரண்டாம் உலகப் போரின் விமானப்படைப் பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

மற்றவற்றைப் பாத்திரத்தின் வயதைப் பார்த்துப் பிரித்துக்கொடுங்கள். இளம் வயதில் நாக்கில் ஒட்டிக்கொண்ட ஸ்லாங்கைத்தான் பெரும்பாலோர் கடைசிவரை பேசுவார்கள். ஆகவே உங்கள் நாடகத்தில் 60 வயதுப் பெரியவர் இருந்தால் அவர் பேசவேண்டியது 1885இன் மொழி: ‘கேப்பிட்டல்!’, ‘ஃபர்ஸ்ட் ரேட்’, ‘ஏ ஒன்’. பின்னிரண்டும் கப்பலிலிருந்து இறங்கி வந்தவை. பாய்மரக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆறு தரமாகப் பிரித்திருந்தது; 100 பீரங்கிக்குக் குறையாதது முதல் தரம். கப்பல்களைத் தரம்பிரிக்கும் லாயிட்ஸ் பதிவேட்டில் ‘ஏ’ கப்பலின் உடற்கட்டுக்கும், ‘1’ நங்கூரம், வடம் போன்ற தளவாடங்களுக்கும் தந்த மதிப்பெண். பெரியவர் இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர் என்றால் ‘பக்கா’ என்றும் சொல்லலாம். இந்தியிலிருந்து நம்மிடம் வந்த அதே சொல்தான் அங்கும் போனது.

‘டாப் ஹோல்’, ‘ரிப்பிங்’, ‘ஸ்பிஃபிங்’ மூன்றும் பணக்காரப் பள்ளிகளில் படித்த இளைஞர்களுக்கு. கடைப்பையனோ சமையற்காரியோ இவற்றைச் சொன்னால், எஜமானரைப் போல நடித்துக்காட்டுவதாகவே படும்.

விலங்குத் தொடர்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தேனீயின் முழங்கால் (‘பீஸ் நீஸ்’), பூனையின் பைஜாமா (‘கேட்ஸ் பைஜாமாஸ்’), பாம்பின் இடுப்பு, யானையின் புருவம் என்று 1920களின் அமெரிக்க இளசுகள் வரிசையாகக் கட்டிவிட்டார்கள். எவ்வளவு அபத்தமோ அவ்வளவு பாராட்டு. ‘தேனீயின் முழங்கால்’ 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அப்போது அதற்கு மிக அற்பமான பொருள் என்றே அர்த்தம். மகரந்தப் பை, நடனக்காரி என்று அதற்குச் சொல்லப்படும் மூலக்கதைகளுக்கு ஆதாரமில்லை, நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சிடாதீர்கள். லண்டன் கதையில் இவற்றை அமெரிக்க விருந்தாளிக்கோ, ஜாஸ் பைத்தியம் பிடித்த பெண்ணுக்கோ கொடுங்கள். பிரிட்டிஷ் வாய்க்கு இன்னும் இயல்பாக வருவது ‘கேட்ஸ் விஸ்கர்ஸ்’, பூனையின் மீசை. நாயை வைத்து வரும் கொச்சைத் தொடர் ஒன்றும் உண்டு. அது இந்தப் பொருளில் பரவியது 1980களில், மேடைக்கும் ஆகாது.

வசனத்தில் அதிகம் தவறு நடப்பது இலக்கணத்தில். விலங்குத் தொடர்களுக்கு முன்னால் ‘த’ கட்டாயம். ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற வினைக்குப் பின்னால்தான் வரும். ‘ஷீ இஸ் த கேட்ஸ் பைஜாமாஸ்’ சரி. ‘எ கேட்ஸ் பைஜாமாஸ் பார்ட்டி’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன் வைத்தால் அந்தக் காலத்து வாடையே போய்விடும். தொடர் பன்மையாகத் தெரிந்தாலும் வினை எழுவாயோடுதான் போகும். ‘வெரி’ ஒட்டாது, ‘ஆப்ஸொலூட்லி’ ஒட்டும். ‘ஸ்பிஃபிங்’ இதற்கு நேர்மாறு: ‘எ ஸ்பிஃபிங் ஐடியா’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சுகமாக உட்காரும். ‘டாப் ஹோல்’ தனியாக நின்று பதிலாகவே வரலாம். ‘டின்னர் எப்படி?’ என்றால், ‘ஆப்ஸொலூட்லி டாப் ஹோல்!’

ஒத்திகையில் அழுத்தத்தைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் ‘பீஸ்’ஸில் அழுத்துவார்கள், அழுத்தம் ‘நீஸ்’ஸில் விழவேண்டும், பைஜாமாவில் ‘ஜா’வில். ‘பீஸ்’, ‘நீஸ்’ இரண்டின் கடைசி ஒலியும் தேனீ ரீங்காரம் மாதிரி அதிரவேண்டும். வெறும் ‘ஸ்’ என்று காற்றாகப் போனால் கடைசி வரிசைக்கு ‘பீஸ்’ சமாதானம் என்றும், ‘நீஸ்’ அண்ணன் மகள் என்றும் கேட்கும்.

ஒரு காட்சிக்கு ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. எல்லோரும் எல்லாவற்றையும் ‘ரிப்பிங்’ என்றால் நாடகம் நையாண்டியாகிவிடும். மற்ற இடங்களில் ‘ஸ்ப்ளெண்டிட்’, ‘மார்வலஸ்’ போடுங்கள், இரண்டும் 1925க்குப் பொருந்தும்.