மாடியில் பெல்வெடேர்: கெசீபோவும் அதுவும் ஒன்றா?

பிளானில் உள்ள 'பெல்வெடேர்' கெசீபோதானா, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை தெரிய மொட்டை மாடி நடுவில் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெல்வெடேர் காட்சி பார்க்கவென்றே உயரத்தில் அமைக்கும் இடம். வீட்டு உச்சியிலும் வரும், தனியாகவும் நிற்கும். வியன்னாவில் அரண்மனைக்கே அந்தப் பெயர். கெசீபோ பெரும்பாலும் தோட்டத்து மண்டபம். உங்களுடையது பெல்வெடேர்தான்.

நடுவில் வேண்டாம். கீழிருந்து வரும் பில்லர்களின் தலையிலேயே கால்களை ஏற்றுங்கள். வெறும் சிலாப்பில் நிறுத்தினால் விரிசல் விட்டு மழைநீர் இறங்கும். நம்மூர்க் கல்தூண் அழகுதான், மாடிக்குப் பாரம். இரும்புப் பைப் போதும். ஷீட் கூரையைக் காற்று மேல்நோக்கித் தூக்கும், ஆகவே கால்களைக் கான்கிரீட்டோடு இறுக்கிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் கட்டாயம்.

பலரும் கோட்டை விடுவது கைப்பிடிச் சுவரில். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டம் சுமார் 4 அடிதான். மூன்றரை அடிச் சுவர் எழுப்பினால் மலை தெரியும், அடிவாரம் மறையும். அதே உயரத்துக்குச் செங்குத்துக் கம்பி போடுங்கள், இடைவெளி 4 அங்குலத்துக்குள். குறுக்குக் கம்பி என்றால் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள்.