கிஃப்ட்: ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் விஷம், சுவீடிஷில் கல்யாணமானவர். மூன்றும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். "கொடு" என்ற பழைய ஜெர்மானிய வினையில் பிறந்தது. "கொடுக்கப்பட்டது" என்பதே மூலப்பொருள். யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் பொருள் பிரிகிறது.

பழைய ஆங்கிலத்தில் இது பெண்ணுக்காக மாப்பிள்ளை கொடுத்த பணம். பன்மையில் சொன்னால் கல்யாணம். சுவீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் அந்தக் கல்யாணப் பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறது.

விஷம் வந்த வழிதான் சுவையானது. மருத்துவர்கள் கிரேக்கத்தில் "டோசிஸ்" என்றார்கள். அதற்கும் "கொடுப்பது" என்றே பொருள். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவு. அதன் சாயலில் ஜெர்மன் கிஃப்டும் மருந்தளவாகி, பிறகு நஞ்சுக்கான இடக்கரடக்கலாகி, கடைசியில் நஞ்சாகவே நிலைத்துவிட்டது. பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை நாம் "பூச்சிமருந்து" என்கிறோமே, அதே மனப்போக்கு. இலக்கணப் பாலும் கூடவே மாறியது: பரிசாக இருந்தபோது பெண்பால், அதற்குரிய "தீ" என்ற முன்சொல்லோடு "தீ கிஃப்ட்". இன்றைய விஷம் நடுப்பால், "தஸ் கிஃப்ட்". பழைய பெண்பால் சீதனத்தைக் குறிக்கும் "தீ மிட்கிஃப்ட்" என்ற சொல்லில் மட்டும் தங்கிவிட்டது.

சுவீடிஷில்தான் கவனம் தேவை. உச்சரிப்பு "யிஃப்ட்". பெயர்ச்சொல்லாக "எத் யிஃப்ட்" என்றால் விஷம். பெயரடையாக "ஹூன் ஏர் யிஃப்ட்" என்றால் அவள் கல்யாணமானவள். பலரைச் சொன்னால் "யிஃப்தா". "யிஃப்திக்" என்று ஈறு சேர்த்துவிட்டால் அவள் நச்சுத்தன்மை உள்ளவள் ஆகிவிடுவாள். புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இன்னொன்று: யாரோடு கல்யாணம் என்று சொல்லும்போது, ஆங்கிலத்தில் "டு" வரும் இடத்தில் சுவீடிஷில் "உடன்" என்ற பொருளுள்ள "மேத்" வரவேண்டும். விஷத்துக்கு முன்னால் சுவீடிஷில் வரும் "எத்" (ஒரு) டேனிஷில் வராது, "என்" வரும்.

டச்சு இரண்டையும் பிரித்துவிட்டது: நன்கொடை "த ஹிஃப்ட்", விஷம் "ஹெட் ஹிஃப்". ஆனால் நச்சுள்ள என்ற பெயரடையில் அந்த "ட்" ஒலி போகவில்லை: "ஹிஃப்டஹ்".

ஜெர்மனியில் பரிசு வாங்கப்போனால் "கெஷெங்க்" என்று கேளுங்கள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் தேட வேண்டியது "கிஃப்ட்நோட்ரூஃப்": விஷ அவசர உதவித் தொலைபேசி.