டெல்டா அவ்வளவு மோசமா?

கேள்வி: மேட்லாப் மென்பொருளில் 800 ஹெர்ட்ஸ் சைன் அலையை வைத்து, அலையை பிட்டுகளாக மாற்றும் இரண்டு முறைகளான 8 பிட் பி.சி.எம்.மையும் டெல்டா மாடுலேஷனையும் ஒப்பிட்டேன். இரண்டுக்கும் நொடிக்கு 8,000 சாம்பிள் (அதாவது நொடிக்கு 8,000 முறை அலையை அளப்பது). டெல்டா படுமோசமாக வருகிறது. அவ்வளவுதானா அதன் லட்சணம்?
- பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: பந்தயமே சரியில்லையேம்மா! பி.சி.எம்.முக்கு சாம்பிளுக்கு 8 பிட் வீதம் நொடிக்கு 64,000 பிட் கொடுத்துவிட்டு, டெல்டாவுக்கு 8,000தான் கொடுத்திருக்கிறீர்கள். டெல்டாவுக்கு சாம்பிளுக்கு ஒரே பிட்: ஒரு படி மேலே, இல்லாவிட்டால் ஒரு படி கீழே. அதை 64,000 சாம்பிளில் ஓடவிடுங்கள்.

1 வோல்ட் உச்சமுள்ள உங்கள் அலையைத் துரத்த, 8,000 சாம்பிளில் ஒவ்வொரு படியும் 0.63 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால், அலை மேலேறிப் போய்விடும். படிக்கட்டு பின்னால் மூச்சு வாங்கும். 64,000த்தில் 0.08 வோல்ட் போதும். படியை ரொம்பப் பெரிதாக்கினால் அலையின் உச்சியில் ரம்பப்பல் மாதிரி இரைச்சல் தெரியும். (நானும் ஒருகாலத்தில் இதை கிராஃப் தாளில் வரைந்து ஏமாந்தவன்தான்.)

இன்னொன்று: முழு வீச்சில் மட்டும் சோதிக்காதீர்கள். அலையை நூறில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். எல்லாப் படியும் ஒரே அளவாக உள்ள சீரான 8 பிட் பி.சி.எம்.மில், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 50 டெசிபலிலிருந்து 10க்கு விழும். நம்மூர் டெலிபோனில் இருக்கும் ஏ-லா முறையோ, சின்னக் குரலுக்குச் சின்னப் படி வைப்பதால், 34 அளவில் நிற்கும். முழு வீச்சில் அதுதான் தோற்கும். அதையும் மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.