கேன், மே, மஸ்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

முடியும், நடக்கலாம், இருக்கும் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் 'குட்' எல்லாம் கேன் என்பதன் ஜோடி. 'குட் மார்னிங்' குட் இல்லை.

டீச்சர், நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர். பையருக்கு "வி கேன் ஏபிள் டு ஷிப் பை ஃப்ரைடே" என்று மெயில் போட்டேன். தப்பு என்று மேனேஜர் சொன்னார். என்ன தப்புங்க?

கேன் என்றாலும் முடியும், ஏபிள் டு என்றாலும் முடியும். இரண்டில் ஒன்று போதும். "வி கேன் ஷிப் பை ஃப்ரைடே" என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. வில், மே மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் கேன் வராது. அங்கேதான் ஏபிள் டு தேவைப்படுகிறது: "வி வில் பி ஏபிள் டு ஷிப் பை ஃப்ரைடே."

ஆனால் உங்கள் மெயிலில் எனக்கு உறுத்துவது இலக்கணம் இல்லை. துணி இன்னும் சாயப்பட்டறையில் கிடக்கும்போது கேன் என்று எழுதினால், பையர் அதை வாக்காக எடுத்துக்கொள்வார். "வி மே பி ஏபிள் டு ஷிப் பை ஃப்ரைடே" என்று எழுதுங்கள். மைட் போட்டால் இன்னும் கொஞ்சம் இழுபறி என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை சரக்கு போகாவிட்டால், நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்றுதான் பழைய மெயிலைத் தேடுவார்கள்.

ஈரோட்டில் நர்சிங் படிக்கிறேன் மேடம். "எஸ்டர்டே ஐ குட் கேட்ச் தி பஸ்" சரியா? ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

சரியில்லை கண்ணு. பழைய திறமைக்குக் குட் வரும்: "ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் சிக்ஸ்." ஒரு நாள், ஒரு தடவை சாதித்த காரியத்துக்கு "ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் தி பஸ்" அல்லது "ஐ மேனேஜ்ட் டு கேட்ச் தி பஸ்". பஸ்ஸை விட்டுவிட்டாய் என்றால் மட்டும் "ஐ குடன்ட் கேட்ச் தி பஸ்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு விலக்கும் உண்டு. பார்ப்பது, கேட்பது, மணப்பது போன்றவற்றுக்கு ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் குட் பொருந்தும். மஞ்சள் மண்டிப் பக்கம் போய்விட்டு வந்து, "ஐ குட் ஸ்மெல் தி டர்மரிக்" என்று சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள். அப்புறம், குட் என்பதன் ஸ்பெல்லிங்கில் இருக்கும் 'எல்' என்ற எழுத்தை உச்சரிக்காதே. வுட், ஷுட் இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட எழுத்து அது.

"இட் கேன் ரெயின் டுமாரோ" என்று சொன்னதற்கு ஆபீசில் சிரித்தார்கள். கோயமுத்தூரில் மழையே வராதா என்ன?

வரும். ஆனால் கேன் பொதுவான இயல்பைச் சொல்வது. "இன் வால்பாறை, இட் கேன் ரெயின் ஃபார் டேஸ் இன் ஜூலை" சரி. நாளைக்கு என்று குறிப்பாகச் சொன்னால் மே, மைட், குட் மூன்றில் ஒன்று. எதிர்மறையில் மட்டும் கவனம் வேண்டும். "மே நாட்" என்றால் வராமலும் போகலாம். "குட் நாட்" என்றால் வர வாய்ப்பே இல்லை.

"அவர் வீட்டில் இருப்பார்" என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்? பையன் மே என்கிறான், புத்தகத்தில் மஸ்ட் இருக்கிறது. (கோபியிலிருந்து ஒரு அம்மா)

இரண்டுமே சரியாக இருக்கலாம். நாம் "இருப்பார்" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு உறுதி என்பதைக் குரலில் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதைச் சொல்லிலேயே காட்டியாக வேண்டும். கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள்.

வாசலில் வண்டி மட்டும் நிற்கிறதா? "ஹி மே பி அட் ஹோம்." நடந்தே கடைக்குப் போயிருக்கலாம் அல்லவா? வண்டியோடு செருப்பும் கிடக்கிறது, உள்ளே டிவி சத்தமும் கேட்கிறது என்றால் "ஹி மஸ்ட் பி அட் ஹோம்". வெளியே பூட்டுத் தொங்குகிறதா? "ஹி கான்ட் பி அட் ஹோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நம் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள். மஸ்ட் என்பதற்கு எதிர்மறை மஸ்ட் நாட்தானே என்று எழுதுகிறார்கள். அமெரிக்கர்கள் ஊகத்துக்கும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் நம் பாடங்களில் இருக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மஸ்ட் நாட் என்றால் கூடாது என்று தடுப்பது, ஊகத்துக்குக் கான்ட்.

நடந்து முடிந்ததை ஊகிக்க ஹேவ் சேருங்கள், வினையை மூன்றாம் வடிவத்தில் வையுங்கள். "ஹி மஸ்ட் ஹேவ் கான்" என்றால் போயிருப்பார், "ஹி மே ஹேவ் கான்" என்றால் போயிருக்கலாம், "ஹி கான்ட் ஹேவ் கான்" என்றால் போயிருக்கவே முடியாது. நாளைய ஊகத்துக்கு மட்டும் மஸ்ட் வேண்டாம். "இட் மஸ்ட் ரெயின் டுமாரோ" என்றால் மழைக்கு உத்தரவு போடுவது போல இருக்கும்.

மேபி, மே பி: சேர்த்தா, பிரித்தா? (பொள்ளாச்சி)

"மேபி ஹி இஸ் லேட்": சேர்த்து. "ஹி மே பி லேட்": பிரித்து.

நாமக்கல்லில் லாரி ஆபீசில் இருக்கிறேன். "தி லாரி மே ஹேவ் ஹிட் அஸ்" என்று எழுதினேன். மயிரிழையில் தப்பினோம் என்ற அர்த்தம் வருமாங்க?

வராது. இடித்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியவில்லை என்ற அர்த்தம்தான் வரும். நடக்க இருந்து நடக்காமல் போனதற்கு குட் ஹேவ் அல்லது மைட் ஹேவ்: "தி லாரி குட் ஹேவ் ஹிட் அஸ்." இன்சூரன்ஸ் காகிதத்தில் எழுதும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஏதாவது வழி சொல்லுங்க டீச்சர். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்களைப் பார்த்து நான் எழுதியது: "ஷி மஸ்ட் பி எ டீச்சர். தட் மேன் மஸ்ட்டன்ட் பி ஃப்ரம் ஹியர். தி பஸ் கேன் பி லேட் டுடே."

நீங்களே நல்ல வழியைப் பிடித்திருக்கிறீர்கள். கூடவே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "பிகாஸ்" போட்டுக் காரணம் எழுதுங்கள். காரணம் பலமாக இருந்தால் மஸ்ட், நொண்டினால் மைட். கையில் விடைத்தாள் கட்டு இருந்ததா அந்தம்மாவிடம்? இருந்தால் முதல் வாக்கியம் சரி. புடவையை மட்டும் பார்த்துச் சொன்னீர்கள் என்றால் மைட். இரண்டாவதில் கான்ட் பி. மூன்றாவதில் இன்றைக்கு என்று சொல்லிவிட்டதால் கேன் நிற்காது, மே பி லேட். காந்திபுரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று எழுதியது என்றால், மே போட்டது கூட உங்கள் பெருந்தன்மைதான்.