கிர்க், ஸ்போக், காய்ந்துபோன பபிள்கம்: ஸ்டார் ட்ரெக் கார்டு சேகரிப்பு, கேள்வி பதில்

ஸ்டார் ட்ரெக் என்பது கிர்க்கும் ஸ்போக்கும் விண்கலத்தில் சுற்றுகிற அமெரிக்க டிவி தொடர், அதன் கார்டுகளை இருபது வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்துவருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறேன். விலை கேட்டவர்கள் மன்னிக்கவும். இன்று நான் சொல்லும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

அண்ணா, நாங்கள் ஸ்கூலில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு விளையாடினோமே, அதுமாதிரிதானா இதுவும்? (மதுரை)

இல்லை தம்பி. அது விளையாடுகிற கார்டு, "உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு" என்று சண்டை போடலாம். இது பார்க்கிற கார்டு. முன்பக்கம் தொடரின் ஒரு காட்சி, பின்பக்கம் ஒரு நம்பரும் நாலு வரிக் கதையும், அவ்வளவுதான். 1 முதல் கடைசி நம்பர் வரை சேர்த்து முடிப்பதுதான் ஆட்டமே. ஸ்டார் ட்ரெக்கில் விளையாடுகிற கார்டும் உண்டு. டெசிஃபர் என்ற அமெரிக்க நிறுவனம் 1994இல் கொண்டுவந்தது, முதல் தொகுப்பில் மட்டும் 363 கார்டு. அது தனி உலகம், நான் அந்தப் பக்கம் போவதில்லை.

புதிதாக ஆரம்பிக்க எந்த செட் நல்லது? (சென்னை, சிங்கப்பூர், இன்னும் பலர்)

1976இல் டாப்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி போட்ட செட். யோசிக்கவே வேண்டாம். 88 கார்டு, 22 ஸ்டிக்கர். தொடர் ஒளிபரப்பானது 1966 முதல் 1969 வரை. நிறுத்தி ஏழு வருஷம் கழித்து எதற்கு கார்டு என்று தோன்றும். நிறுத்திய பிறகுதான் அந்தத் தொடருக்கே வாழ்வு வந்தது. உள்ளூர் சேனல்கள் சாயங்காலம் மறுஒளிபரப்புப் போட்டுப் போட்டு, பள்ளிவிட்டு வந்த ஒரு தலைமுறையையே ரசிகர்கள் ஆக்கிவிட்டன. அதே 1976இல்தான் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து, நாசாவின் முதல் விண்வெளி ஷட்டிலுக்கு, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான எண்டர்பிரைஸையே வைக்கச் செய்தார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் விசிஆர் கிடையாது. டிவியில் ஒரு நொடி வந்து போகிற ஸ்போக்கின் முகத்தை நிறுத்தி வைத்துப் பார்க்க ஒரு பையனுக்கு இருந்த வழிகளில் மலிவானது அந்தக் கார்டு. அதனால்தான் பழைய கார்டுகளில் பலவற்றின் முனை மழுங்கியிருக்கும். பையில் போட்டுச் சுற்றியிருக்கிறான், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறான். முனை மழுங்கிய செட்டை வாங்கத் தயங்காதீர்கள். முதல் செட்டுக்கு அதுதான் சரி.

பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி செட்டை முடிக்க முடியுமா? (கோவை)

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே காட்டுகிறேன். 1976 டாப்ஸ் பாக்கெட்டில் 5 கார்டு, 1 ஸ்டிக்கர், ஒரு பபிள்கம். எல்லா நம்பரும் சம அளவில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 88ஐயும் முடிக்கச் சராசரியாக 445 கார்டு பிரிக்க வேண்டும், அதாவது 89 பாக்கெட். நிகழ்தகவு படித்தவர்களுக்குத் தெரியும், வினையே கடைசியில்தான். 87 சேர்ந்த பிறகு அந்த ஒரே ஒரு கார்டுக்காக மட்டும் சராசரியாக இன்னும் 88 கார்டு பிரிக்க வேண்டும். அதற்குள் உங்களிடம் முந்நூறு டபுள்ஸ், அதாவது ஏற்கெனவே இருக்கிற கார்டே திரும்ப வந்தவை, சேர்ந்திருக்கும்.

அதனால்தான் இதற்கு 'ட்ரேடிங்' கார்டு, அதாவது மாற்றிக்கொள்கிற கார்டு, என்று பெயர். பக்கத்து வீட்டுப் பையன் இல்லாமல் இந்த ஆட்டம் முடியாது. இன்று அந்தப் பையன் வேறு நாட்டில் இருக்கிறான், வித்தியாசம் அவ்வளவுதான். முழு செட்டாக வாங்குங்கள். இல்லையென்றால் முக்கால்வாசி செட் வாங்கிவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

சித்தப்பா 1991இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, இம்பெல் கம்பெனி போட்ட ஸ்டார் ட்ரெக் கார்டு முழு செட் இருக்கிறது. புத்தம் புதுசு. நல்ல விலை போகுமா? (திருச்சி)

போகாது. இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, ஒவ்வொரு முறையும் இந்தப் பதிலைச் சொல்லும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது.

தொடரின் 25ஆம் ஆண்டுக்காக வந்தது அது. முதல் தொகுப்பு 160, இரண்டாவது 150, மொத்தம் 310. அச்சு அருமை. ஆனால் 1991இல் அமெரிக்காவில் கார்டு என்றாலே முதலீடு என்று ஊரே நம்பியது. பேஸ்பால் கார்டு விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல் பீரோவில் பூட்டினார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. 1976இல் வாங்கியவன் கசக்கிப் போட்டான், அம்மா குப்பையில் போட்டாள், அதனால் மிச்சமிருப்பதற்கு மதிப்பு. 1991இல் எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள். உங்கள் சித்தப்பாவைப் போலவே லட்சம் சித்தப்பாக்கள்.

விற்காதீர்கள். ஆல்பத்தில் போட்டுப் பாருங்கள், படிக்க நன்றாக இருக்கும்.

1967 லீஃப் கார்டு பற்றிச் சொல்லுங்கள். ஒருவர் முழு செட் தருகிறேன் என்கிறார், நம்பலாமா? (டொராண்டோ)

மெதுவாகப் போங்கள். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே வந்த செட் அது, சிகாகோவின் லீஃப் கம்பெனி போட்டது. 72 கார்டு, எல்லாம் கறுப்பு வெள்ளை. பின்பக்கக் கதையைப் படித்தால் சிரிப்பு வரும். படத்தில் இருக்கும் காட்சிக்கும் எழுதியிருக்கும் கதைக்கும் பல இடங்களில் சம்பந்தமே இருக்காது. எழுதியவர் தொடரைப் பார்க்காமலே எழுதினாரோ என்பது என் சந்தேகம். கொஞ்ச காலமே, கொஞ்ச இடத்திலே விற்றதால் அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே பிற்காலத்தில் மறுபதிப்பும் வந்தது. மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் தப்பில்லை. எல்லோரும் அப்படிச் சொல்வதில்லையே.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கண்காட்சியில், கொஞ்சம் மங்கிய உறையில் போட்டு ஒருவர் நீட்டினார். உறையின் பழுப்பைப் பார்த்து கார்டும் பழசு என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அசல் அச்சில் எழுத்து முழுக் கறுப்பாக, ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும். அச்சடித்த கார்டைப் படம் பிடித்துத் திரும்ப அச்சடித்தால், எழுத்தின் ஓரம் சிறு சிறு புள்ளியாக உடைந்து தெரியும். என் கையிலிருந்ததில் எழுத்தெல்லாம் ரவையைத் தூவியதுபோல் இருந்தது. அன்றிலிருந்து லென்ஸ் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அவரிடம் ஒரு கார்டின் பின்பக்கத்தை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இந்திய நடிகை யாராவது இந்தக் கார்டுகளில் உண்டா? (பெங்களூரு)

உண்டு. பெர்சிஸ் கம்பாட்டா. பம்பாய்க்காரர், 1965 மிஸ் இந்தியா. 1979இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்தில் இலியா என்ற பாத்திரத்தில் நடிக்கத் தலையை மொட்டையடித்துக்கொண்டார். அந்தப் படத்துக்கும் டாப்ஸ் 88 கார்டு, 22 ஸ்டிக்கர் போட்டது. என் ஆல்பத்தைத் திறக்கிற விருந்தாளிகள் யாராக இருந்தாலும் அந்த மொட்டைத்தலையில்தான் நிற்பார்கள்.

சென்னை ஈரக்காற்றில் கார்டை எப்படிப் பாதுகாப்பது அண்ணா? என் ஹோலோகிராம் கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. (வேளச்சேரி)

ஹோலோகிராம், ஃபாயில் கார்டு என்றால் வளையத்தான் செய்யும். காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேலே ஒட்டிய ஃபாயில் விரிவதில்லை. ஒரு பக்கம் இழுத்தால் வளையாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் (ஸ்லீவ்) போட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் (டாப்லோடர்) வையுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடுக்குங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும், ஒரு தடவை போட்டுவிட்டு மறந்தால் பிரயோஜனமில்லை.

ஒன்பது கார்டு செருகுகிற ஆல்பத் தாள் வாங்கும்போது பிவிசி என்ற பிளாஸ்டிக் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். பிவிசி தாள் நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கார்டின் மையை இழுத்துவிடும். தொண்ணூறுகளின் பளபளப்பான கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்காதீர்கள். செங்கல்போல ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரியும். இராமபாணப் பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாது. அலமாரியைக் காய்ந்ததாக வையுங்கள், போதும்.

கார்டை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? (சிங்கப்பூர்)

பிஎஸ்ஏ போன்ற, கார்டின் தரத்தைப் பார்க்கும் நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மார்க் போட்டுப் பிளாஸ்டிக்கில் சீல் வைத்துத் தருவார்கள். படம் நடுவில் இருக்கிறதா, முனை, ஓரம், மேற்பரப்பு என்று நாலையும் பார்ப்பார்கள். கட்டணமும் தபால் செலவும் சேர்த்தால் பெரும்பாலான கார்டின் விலையைத் தாண்டிவிடும். லீஃப் கார்டு ஒன்று பளிச்சென்று கிடைத்தால் அனுப்புங்கள். 1991 இம்பெல்லை அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

லண்டனில் இருக்கிறேன். ஸ்டார் ட்ரெக் எனக்கு ஒட்டவில்லை. டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில் பழைய கார்டு இருக்கிறதா?

ஸ்டார் ட்ரெக்குக்கு முந்தியே இருக்கிறது. 1964இல் காடெட் ஸ்வீட்ஸ், சிகரெட் மிட்டாய்ப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த 50 கார்டு. நம் ஊரில் ஃபேன்டம் மிட்டாயை வாயில் வைத்துப் புகைவிட்டுத் திரிந்தோமே, அதே ஜாதி. அந்தத் தொடரின் வில்லன்களான டாலெக்குகள் வண்ணத்தில் வரைந்திருக்கும், அன்று டிவி கறுப்பு வெள்ளை. 1967இல் வால்ஸ் கம்பெனி ஸ்கை ரே குச்சி ஐஸோடு 36 கார்டு கொடுத்தது. அதை ஒட்ட ஒரு புத்தகமும் உண்டு. ஒட்டாத கார்டு கிடைத்தால் விடாதீர்கள்.

1976 பாக்கெட் ஒன்று பிரிக்காமல் கிடைத்திருக்கிறது. பிரிக்கலாமா? உள்ளே இருக்கிற பபிள்கம்மைச் சாப்பிடலாமா? (நியூஜெர்சி)

முதலில் மடிப்பைப் பாருங்கள். மெழுகுத்தாளை லேசாகச் சூடுகாட்டிப் பிரித்து, உள்ளே நல்லதை எடுத்துக்கொண்டு திரும்ப ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மடிப்பில் மெழுகு இரண்டு இடத்தில் தடம் விட்டிருந்தால் ஏற்கெனவே யாரோ பிரித்திருக்கிறார்கள். தடம் ஒன்றுதான் என்றால் பிரிக்காமல் வையுங்கள். மனசு கேட்காவிட்டால் பிரியுங்கள், நான் பிரித்தவன்தான். பபிள்கம்மை ஒட்டியிருந்த கார்டில் நீள்சதுரமாக ஒரு பழுப்புக் கறை இருக்கும், அதைத் துடைக்கப் போய்க் கார்டைக் கெடுக்காதீர்கள்.

சாப்பிடலாமா என்றால், கூடாது. நான் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் மாதிரி நொறுங்கியது, அரை நொடி இனித்தது, அப்புறம் வாயெல்லாம் அட்டைப்பெட்டி வாசம்.