அப்பாவுக்கு ஒரு வருடம் அசித்ரோமைசின்: பயப்பட வேண்டுமா?

வணக்கங்க. பல்லடம் மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கு பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய்), வருடத்தில் நாலைந்து முறை நெஞ்சுச்சளி முற்றிவிடுகிறது, டாக்டர் வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) மாத்திரை எழுதியிருக்கிறார், "உடம்புக்குப் பழகிவிடாதா?" என்று கேட்டிருந்தீர்கள்.

உடம்புக்குப் பழகாதுங்க, கிருமிக்குத்தான் பழகும். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் இந்த மருந்து கிருமியை அடக்குவதோடு மூச்சுக்குழாயின் அழற்சியையும் தணிக்கிறது. அடிக்கடி சளி முற்றுகிறவர்களுக்கு அது குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதனால் அப்பாவுக்கு எழுதியது சரியாகத்தான் படுகிறது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஆரம்பிக்கும் முன் சளிப் பரிசோதனை. காசநோய்க் கிருமியும், அதன் இனத்தைச் சேர்ந்த மற்றக் கிருமிகளும் இல்லை என்று தெரிய வேண்டும். அந்த மற்றக் கிருமிகள் இருக்கும்போது இந்த ஒரு மாத்திரையை மட்டும் கொடுத்தால், பிறகு அவற்றுக்கு இதுவே வேலை செய்யாது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வருகிற கெட்டிச் சளியைத்தான் கொடுக்க வேண்டும், எச்சில் போதாது.

அப்புறம் ஒரு ஈசிஜி, ஏனென்றால் இந்த மருந்து சிலருக்கு இதயத்துடிப்பையும் காது கேட்பதையும் பாதிக்கலாம். இதயத்துடிப்புக்கோ மனநலத்துக்கோ வேறு மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் காட்டுங்கள். டிவி சத்தத்தை வழக்கத்தைவிடக் கூட்டி வைக்கிறாரா, காதில் இரைச்சல் என்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கும் வரலாம்.

சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை மாத்திரை வந்துவிட்டதென்று நிறுத்திவிட வேண்டாம். தொடர்வதா நிறுத்துவதா என்பதை ஆறு மாதம், ஒரு வருடத்தில் டாக்டரே பார்த்து முடிவு செய்யட்டும்.