சிஓபிடி நோயாளிக்குக் கேர் பிளான் எழுதும்போது ஆய்வுகளில் வரும் 'நம்பிக்கை இடைவெளி'யை எப்படிப் பயன்படுத்துவது?

கேட்டவர் பி.எஸ்சி. நர்சிங் மாணவி. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு ஆய்வுச் சான்றோடு கேர் பிளான் (நர்ஸ் எழுதும் பராமரிப்புத் திட்டம்) எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் '95 சதவீத நம்பிக்கை இடைவெளி' என்று இரண்டு எண்கள் வருகின்றன, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் நெஞ்சக நோய் வார்டில் பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது மாணவிகளுக்கு வார்டிலேயே சொல்லித்தருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு எண்களில் பலன் குறைந்த முனை எதுவோ அதை முதலில் பாருங்கள். உண்மை அந்த முனையிலேயே இருந்தாலும் இந்த நோயாளிக்கு இதைச் செய்வது பிரயோஜனமா என்று கேளுங்கள். பிரயோஜனம்தான் என்றால் திட்டத்தில் தயங்காமல் எழுதுங்கள். அந்த முனையில் பலனே இல்லை என்று வந்தால், நோயாளியிடம் வாக்குக் கொடுப்பதுபோல எழுதாதீர்கள்.

இடைவெளி எதற்கு என்று கேட்டால், நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கக் குவியலில் ஒரு பிடி அள்ளி மெஷினில் போடுகிறார்கள். இன்னொரு பக்கம் கைவிட்டு அள்ளினால் எண் கொஞ்சம் மாறும். ஆய்வில் சேர்ந்த நோயாளிகளும் அந்த ஒரு பிடிதான். மொத்தக் குவியலின் சராசரி எங்கிருந்து எதுவரை இருக்கலாம் என்று அந்தப் பிடியை வைத்துச் சொல்வதுதான் இடைவெளி. 1937-இல் ஜெர்சி நெய்மன் இதற்குக் கணக்கு வகுத்தார். இதே மாதிரி ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்து ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி போட்டால், நூற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகளுக்குள் உண்மையான சராசரி இருக்கும். நூற்றில் 95 நோயாளிகள் இந்த இரண்டு எண்களுக்குள் வருவார்கள் என்று எழுதிவிடாதீர்கள். மாணவிகள் எழுதுவதில் நான் அதிகம் திருத்துவது இந்த ஒரு வரியைத்தான்.

சரி, வார்டுக்கு வருவோம்.

தை, மாசியில் சம்பா அறுவடை தொடங்கினால் எங்கள் வார்டில் கட்டில் நிரம்பும். மெஷின் அறுவடைத் தூசி, களத்துச் சுணை, அதற்கு முன்பே மார்கழிப் பனி, போகிப் புகை என்று வரிசையாக வரும். ஆண்கள் பெரும்பாலும் பீடி குடித்தவர்கள். பெண்களில் பீடியைத் தொட்டே பார்க்காதவர்கள், ஆனால் நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர்கள், இல்லையென்றால் நெல் அவிக்கும் இடத்தில் உமிப் புகையில் நின்றவர்கள். ஆகவே மதிப்பீடு எழுதும்போது 'புகைப்பழக்கம் இல்லை' என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். எந்த அடுப்பு, எத்தனை வருஷம், சமையல்கட்டில் ஜன்னல் உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.

அப்படி வருகிறவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டிமேல் ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தித்தான் பேச முடியும். பக்கத்தில் நிற்கும் மகனுக்குப் பொறுக்காது. நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரின் குமிழைத் திருகி உள்ளே இருக்கும் பந்தை மேலே ஏற்றிவிடுவார். "அப்பாவுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் கூட வெச்சா என்ன சிஸ்டர்?" என்பார். அவர் மேல் கோபப்படக் கூடாது. "அதிகமா வெச்சா அப்பாவுக்குத் தூக்கம் தூக்கமா வரும் தம்பி, அப்புறம் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாங்க" என்று விளக்கித்தான் குமிழை இறக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஆய்வு கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. 405 பேர். ஒரு பிரிவுக்கு மாஸ்க்கில் நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர் ஆக்சிஜன். இன்னொரு பிரிவுக்கு மூக்குக் குழாயில், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) 88 முதல் 92-க்குள் நிற்கும்படி அளந்து கொடுத்தார்கள். சிஓபிடி என்று உறுதியானவர்களில் முதல் பிரிவில் 11 பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்த பிரிவில் 2 பேர். சார்பு ஆபத்து, அதாவது இரண்டு பிரிவின் சாவு வீதங்களை ஒப்பிடும் எண், 0.22, இடைவெளி 0.05 முதல் 0.91 வரை. இந்த எண் 1 என்றால் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

0.22 என்றால் சாவு 78 சதவீதம் குறைந்தது. கேட்கவே பெரிய எண், அதைத்தான் எல்லோரும் அடிக்கோடிடுகிறார்கள். இடைவெளியைப் பாருங்கள், எவ்வளவு அகலம்! இறந்தவர்கள் மொத்தமே 13 பேர் என்பதால் அப்படி. 95 சதவீதமும் குறைந்திருக்கலாம், 9 சதவீதம் மட்டுமே குறைந்திருக்கலாம். எவ்வளவு என்பதில் உறுதி இல்லை, எந்தப் பக்கம் என்பதில் உறுதி இருக்கிறது. பலன் குறைந்த முனையான 0.91-இல் கூட அளந்து கொடுத்தவர்களுக்கே நல்லது. அளந்து கொடுப்பதற்கு நமக்குத் தனிச் செலவும் இல்லை. ஆகவே 'மருத்துவர் ஆணைப்படி சாச்சுரேஷன் 88–92, குறைந்தாலும் கூடினாலும் ஓட்டத்தை மாற்ற வேண்டும்' என்று உறுதியாக எழுதலாம். கூடவே தலைவலி, மயக்கத் தூக்கம், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு உதறுவது இவற்றைக் கவனிக்கவும் எழுதுங்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்குவதைச் சொல்லும் அறிகுறிகள் இவை. நான் எண்ணைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஃப்ளோமீட்டர் பக்கத்திலேயே ஒட்டச் சொல்வேன், மகனும் படிக்கட்டும்.

அடுத்து நடைப் பயிற்சி. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது) 2015-இல் வந்தது. ஆறு நிமிஷ நடைச் சோதனையில் பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள், இடைவெளி சுமார் 33 முதல் 55 வரை. இதில் 'பூஜ்யத்தைத் தொடவில்லை, எனவே பலன் உண்டு' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். நோயாளிக்கே வித்தியாசம் தெரிய ஏறத்தாழ 30 மீட்டராவது கூட வேண்டும். கீழ் முனையான 33 அந்த 30-ஐயும் தாண்டி நிற்கிறது. இதைவிட நல்ல சான்று நர்சிங் திட்டத்துக்கு அதிகம் கிடைக்காது.

ஆனால் ஒன்று. அந்த ஆய்வுகளில் நடந்தது குறைந்தது நான்கு வாரப் பயிற்சி. வார்டு வராந்தாவில் மூன்று நாள் நடக்கவைத்துவிட்டு 44 மீட்டரை எதிர்பார்க்கக் கூடாது. நம் கிராமங்களில் பயிற்சி மையத்துக்கு வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வர எல்லோராலும் முடியாது. அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டிலிருந்து எதுவரை நடப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டீக்கடை, வாய்க்கால் மதகு, கோயில் என்று அவர் வாயிலிருந்தே இலக்கு வரட்டும். 'செயல் தாங்குதிறன் குறைவு' என்ற நர்சிங் டயக்னோசிஸுக்கு எதிரே 'நான்கு வாரத்தில் வழியில் உட்காராமல் மதகு வரை நடப்பார்' என்று எழுதினால் அவருக்கும் புரியும், உங்களுக்கும் அளக்க முடியும். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவதை நடக்கும்போதே செய்யப் பழக்குங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் உண்டு. இவருக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

44 என்பது கூட்டத்தின் சராசரி. உங்கள் கட்டில்காரர் 10 மீட்டரும் கூடலாம், 90 மீட்டரும் கூடலாம். மதிப்பீட்டுப் பத்தியில் ஆய்வின் எண்ணை எழுதாமல் அவர் நடந்ததை எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

மருந்தைப் பற்றி நோயாளியிடம் என்ன சொல்வது என்பதற்கும் இடைவெளி உதவும். டார்ச் என்ற பெரிய ஆய்வு 2007-இல் வந்தது. 6112 பேர், மூன்று வருஷம். சால்மெட்டராலும் புளூட்டிகாசோனும் சேர்ந்த இன்ஹேலரை வெற்று மருந்தோடு (பார்க்க அதே மாதிரி, உள்ளே மருந்து இல்லாதது) ஒப்பிட்டார்கள். சாவுக்கான ஆபத்து விகிதம் 0.825, இடைவெளி 0.681 முதல் 1.002 வரை. மேல் முனை 1-ஐத் தாண்டிவிட்டது, அதாவது பலனே இல்லாமலும் இருக்கலாம். அதே ஆய்வில் நோய் திடீரென்று முற்றுவதற்கான விகிதம் 0.75, இடைவெளி 0.69 முதல் 0.81. இது முழுக்க 1-க்குக் கீழே. ஆகவே "இதை ஒழுங்கா இழுத்தா அடிக்கடி மூச்சுத் திணறி ஓடிவர்றது குறையும்" என்று நோயாளியிடம் தைரியமாகச் சொல்லலாம். "ஆயுசு கூடும்" என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொல்லக் கூடாது. அந்த மருந்து எடுத்தவர்களுக்கு நிமோனியாவும் கூடுதலாக வந்தது. எனவே காய்ச்சல், சளியின் நிறம் மாறுவது இரண்டையும் திட்டத்தில் சேருங்கள். இழுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள், வாய்ப்புண் வராமல் இருக்க அது வேண்டும்.

மருந்து உள்ளே போனால்தானே இதெல்லாம்! பொடி மருந்து அடைத்த ரோட்டாகேப்பை மாத்திரை மாதிரி விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டு இழுக்கும் கருவியான ரோட்டாஹேலருக்குள் ஊதுகிறவர்களும் உண்டு. "இழுத்துக் காட்டுங்க ஐயா" என்று சொல்லிக் கண்ணால் பார்த்தபிறகே 'செயல்முறை கற்பிக்கப்பட்டது' என்று எழுதுங்கள். பொடி மருந்தை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்பேசர் (பம்ப்போடு மாட்டும் குடுவை) வைத்த பம்ப்பை மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

புராஜெக்டுக்கு நீங்களே இதைக் கணக்கெடுக்கலாம். 30 பேரைப் பார்த்து 18 பேர் தப்பாக இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம். 0.6-ஐ 0.4-ஆல் பெருக்கி, 30-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்கினால் சுமார் 0.18 வரும். இடைவெளி ஏறத்தாழ 42 முதல் 78 சதவீதம். 120 பேரில் 72 பேர் என்றால் அதே 60 சதவீதம்தான், இடைவெளி 51 முதல் 69 ஆகச் சுருங்கிவிடும். நாலு மடங்கு ஆள் சேர்த்தால் அகலம் பாதியாகும். 30 பேரை வைத்து 'பெரும்பாலானோர்' என்று எழுத முடியாது, கீழ் முனை 50-க்குக் கீழே இருக்கிறது.

ஒன்றுமே நடக்காதபோதும் இடைவெளி உண்டு. "நாங்க பத்து லிட்டர் வெச்சே பாத்திருக்கோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று வார்டில் யாராவது சொல்வார்கள். எத்தனை பேருக்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். 30 பேர் என்றால் 3-ஐ 30-ஆல் வகுங்கள், ஒன்றும் நடக்காதபோது இடைவெளியின் மேல் முனைக்கு இதுதான் சுருக்குவழி. 30 பேரில் ஒருவருக்கும் பாதிப்பு வராவிட்டாலும் உண்மையான பாதிப்பு 10 சதவீதம் வரை இருக்கலாம். பத்தில் ஒருவர் என்பது நெஞ்சக நோய் வார்டில் வாரத்துக்கு ஒரு கட்டில்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இடைவெளியைப் பற்றிக் கேட்டால் சூத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் நோயாளியின் திட்டத்தில் ஒரு வரியைக் காட்டி, அதன் பலன் குறைந்த முனை என்ன, அது தெரிந்தும் ஏன் அந்த வரியை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆய்வின் ஆள் எண்ணிக்கையையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.